அண்ணனுடைய மதிப்பெண் 21

பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வரிசையில் அவன் எத்தனையாவது ஆள்?" கேட்பது தன் மகனைப் பற்றி. அண்ணன் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார். மதுவைத் தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கல்லீரலைச் சுருக்கிவிட்டன. மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயர் பதிவாகிக் காத்திருக்கிறார். நான் பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை என்றாலே எங்கள் குடும்பத்தில் பாதி டாக்டர்தான். ஆகவே விடை என்னிடம் இருந்தாக வேண்டும்.

எத்தனையாவது ஆள் என்று யாராலும் சொல்ல முடியாது, பெரியம்மா. அமெரிக்காவில் அப்படி அசையாமல் நிற்கும் வரிசையே கிடையாது. இறந்தவரிடமிருந்து ஒவ்வொரு கல்லீரல் தானமாகக் கிடைக்கும்போதும் அந்த ஒன்றுக்காக மட்டும் ஒரு பட்டியல் புதிதாகப் போடப்படுகிறது. தானம் தந்தவர் எந்த ஊர் மருத்துவமனையில் இருக்கிறார், அவருடைய ரத்த வகை என்ன, உடல் அளவு என்ன என்று பார்த்து, பொருந்தாதவர்களைக் கணினி முதலில் நீக்கிவிடும். மிஞ்சியவர்களை அடுக்கும். காலையில் பாஸ்டனில் கிடைத்த கல்லீரலுக்கு அண்ணன் பட்டியலின் அடியில் இருக்கலாம். அன்று மாலையே பிலடெல்பியாவில் கிடைத்த ஒன்றுக்கு மேலே வந்திருக்கலாம். அவருக்கே அது தெரியாது.

அடுக்குவதற்கான அளவுகோலின் பெயர் மெல்ட். குறைந்தது 6, அதிகபட்சம் 40. எண் கூடினால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள், பட்டியலில் இடமும் மேலே. இந்த எண்ணைக் கணக்கிட ரத்தத்திலிருந்து ஐந்து அளவுகள் போதும்: பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி), ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு), கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சோடியம் (உப்புச் சத்து), ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்). இந்த ஐந்தும் என் மேசையில் பிறப்பவை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான். இதைப் பற்றி எழுதுகிற மருத்துவர்கள் உண்டு, நோயாளிகள் உண்டு. நள்ளிரவில் அந்த எண்களை அச்சடித்து வெளியே அனுப்பும் எங்களில் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அண்ணனின் சம்மதத்தோடு அவருடைய போன மாதத்து முடிவுகளைத் தருகிறேன். பிலிருபின் 3.0, ஐ.என்.ஆர். 1.6, கிரியாட்டினின் 1.1, சோடியம் 131, ஆல்புமின் 2.8. 2002இல் வந்த முதல் சூத்திரத்தில் இதற்கு 17 கிடைக்கும். 2023 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள மெல்ட் 3.0 என்ற சூத்திரத்தில் 21. இதே ரத்தம் ஒரு பெண்ணுடையதாக இருந்தால் 22.

முதலில் அந்த 2002க்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அப்போது காத்திருந்த காலத்துக்கு மதிப்பு இருந்தது. முன்னால் பெயர் கொடுத்தவர் முன்னால் நின்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்தவர்களும் நல்ல காப்பீடு உள்ளவர்களும் உடம்பு ஓரளவு தெம்பாக இருக்கும்போதே பெயரைப் பதிந்துவைத்துக்கொண்டார்கள். 1999இல் அமெரிக்க மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒரு நிபுணர் குழு அமைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை காத்திருந்த நாட்களுக்கும் யாருக்கு அவசரம் என்பதற்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. நோயின் கடுமையை வைத்துச் சில படிநிலைகளும் இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தால் மேல்படி. விளைவு என்ன? படுக்கத் தேவையில்லாதவர்களையும் அங்கே படுக்கவைத்தார்கள். சிகாகோவில் சில மருத்துவமனைகள் இப்படிச் செய்ததாக அரசு வழக்குக்குப் போய், 2003இல் பணம் கட்டி முடித்துக்கொண்டன. வயிற்றில் நீர் எவ்வளவு கோத்திருக்கிறது, மனக்குழப்பம் எவ்வளவு என்பதும் அப்போது கணக்கில் உண்டு. அதை அளப்பது மருத்துவரின் கண். தன் நோயாளி என்றால் எந்தக் கண்ணும் கொஞ்சம் தாராளமாகத்தான் பார்க்கும்.

மெல்ட் இந்தக் கண்களை எல்லாம் ஒதுக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது உறுப்புப் பங்கீட்டுக்காகப் பிறந்ததே இல்லை. கல்லீரலுக்குள் ரத்த அழுத்தத்தைக் குறைக்க ஒரு குழாய் வைக்கிறார்களே, அந்தச் சிகிச்சைக்குப் பிறகு யார் பிழைப்பார்கள் என்று கணிக்க மேயோ கிளினிக்கில் 2000 வாக்கில் உருவாக்கினார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் வடுவாகிச் சுருங்கும் நோய், உள்ள யாருக்கும் அடுத்த மூன்று மாதத்தைக் கணிக்க அது பயன்படுகிறது என்று பிறகு தெரிந்தது. 2002 பிப்ரவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் காத்திருந்தவர்களைப் பார்த்தால், 40 மதிப்பெண் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்று மாதம் தாண்டுவதில்லை. 10க்கும் 19க்கும் இடையில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஆறு பேர். அவ்வளவு வித்தியாசம். 15க்குக் கீழே உள்ளவருக்கு அறுவை சிகிச்சை செய்வதைவிடச் செய்யாமல் காத்திருப்பதே ஆபத்துக் குறைவு என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றும் விதிகளில் 15 ஒரு வாசற்படியாக இருப்பது அதனால்தான்.

சூத்திரத்தில் மடக்கை வருகிறது. பள்ளியில் மடக்கை அட்டவணை புரட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: பிலிருபின் 3இலிருந்து 6க்குப் போனால் எத்தனை மதிப்பெண் கூடுமோ, 15இலிருந்து 30க்குப் போனாலும் பழைய சூத்திரத்தில் அதே அளவுதான் கூடும். கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடப்பவரின் உறவினர்கள் "பிலிருபின் 30 ஆகிவிட்டது, இன்னுமா கூப்பிடவில்லை?" என்று தவிப்பது இதனால். சிறுநீரகமும் சேர்ந்து கெட்டால், அதாவது கிரியாட்டினின் ஏறினால், எண் தடதடவென்று மேலே போகும்.

இனி என் மேசைக்கு வருகிறேன்.

ஐ.என்.ஆர். பார்ப்பதற்கான ரத்தம் நீல மூடிக் குழாயில் வரும். உள்ளே சிட்ரேட் திரவம் அளந்து ஊற்றப்பட்டிருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். ரத்தம் கோடு வரை நிரம்பவில்லை என்றால் சிட்ரேட் மிகுதியாகிவிடும், ரத்தம் உறைய அதிக நேரம் எடுத்துக்கொள்வதுபோல இயந்திரம் காட்டும், ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும். ஏறினால் மெல்ட் ஏறும். மெல்ட் ஏறினால் அந்த இரவில் எங்கோ ஒரு கல்லீரல் ஒருவரைத் தாண்டி இன்னொருவரிடம் போகக்கூடும். ஆகவே குறைவாக நிரம்பிய குழாயை நாங்கள் திருப்பி அனுப்புவோம், மறுபடி எடுங்கள் என்று. விடியற்காலை 4 மணிக்கு வார்டில் இருக்கும் நர்ஸுக்கு இந்தப் போன் எவ்வளவு எரிச்சலூட்டும் என்று எனக்குத் தெரியும். கல்லீரல் நோயாளியின் கையில் நரம்பு கிடைப்பதே பாடு. "அரை சென்டிமீட்டர்தானே குறைகிறது, ஓட்டிப் பார்க்கக் கூடாதா?" என்பார்கள். கூடாது.

கிரியாட்டினினில் இன்னொரு வம்பு. ஜாஃபே என்று ஒரு பழைய முறை உண்டு. ரத்தத்தில் பிலிருபின் மிக அதிகமாக இருந்தால் அந்த முறையில் கிரியாட்டினின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். யாருக்குக் கல்லீரல் மிக மோசமோ அவருக்கே மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழை இது. எங்கள் கூடத்தில் என்சைம் முறை. ஆனால் ஜாஃபே முறை இன்னும் பல இடங்களில் இருக்கிறது, அதற்குச் செலவு குறைவு. ஐ.என்.ஆரும் அப்படித்தான். அது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக வந்த அளவு. அவர்கள் எந்த ஊரில் ரத்தம் கொடுத்தாலும் ஒரே முடிவு வர வேண்டும் என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஏற்றுக்கொண்டது. கல்லீரல் கெட்டதால் ரத்தம் உறையாமல் போவது வேறு கதை. ஒரே ரத்தத்தை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் இரண்டு ஐ.என்.ஆர். வரலாம், இதனாலேயே மெல்ட் சில மதிப்பெண் மாறலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணினியில் மட்டும் எல்லா எண்ணும் ஒரே மாதிரி கறுப்பு எழுத்தில் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் மெல்ட் பக்கம்தான். குழாய்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பெயர் இருக்கும், பார்கோடு இருக்கும். அவர் பணக்காரரா, குடித்தாரா, எந்த நிறம், எந்த மொழி என்று எதுவும் என் இயந்திரத்துக்குள் போகாது. ஒரு மனிதரின் கண் தருகிற சலுகையைவிட இயந்திரத்தின் பிழையைத் திருத்துவது எளிது. பெண்கள் விஷயத்தில் அதைத்தான் செய்தார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு. சிறுநீரகம் ஆணுக்குக் கெட்ட அளவே கெட்டிருந்தாலும் பெண்ணின் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். 2002இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் பெண்கள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளப்பட்டார்கள், காத்திருக்கும்போதே அதிகமாக இறந்தார்கள். இப்போது மெல்ட் 3.0 பெண்களுக்கு 1.33 சேர்த்துக் கொடுக்கிறது. மேலே அண்ணனுக்கு 21, பெண்ணுக்கு 22 என்றேனே, அந்த வித்தியாசம் இதுதான். இருபது வருடம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

குடிப்பழக்கம் பற்றி அண்ணனுக்கு ஒரு பொருமல் உண்டு. "நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. குடித்துக் கெடுத்துக்கொண்டவனும் நானும் ஒரே பட்டியலா, தங்கச்சி?" என்பார். அவருக்காகவே பழைய சூத்திரத்தைத் தோண்டினேன். முதன்முதலில் மேயோ கிளினிக்கில் எழுதியபோது நோய்க் காரணமும் அதில் ஓர் அங்கம். மதுவாலோ பித்த அடைப்பாலோ கல்லீரல் கெட்டிருந்தால் 0, வேறு காரணம் என்றால் 6.43. பங்கீட்டுக்கு எடுத்துக்கொண்டபோது அந்தப் பாகுபாட்டை நீக்கி எல்லோருக்கும் 6.43 என்று ஆக்கிவிட்டார்கள். காரணம் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கணிப்பு பெரிதாக மாறவில்லை. சேர்த்தால் சண்டை மட்டும் மிஞ்சும். இன்றைய சூத்திரத்தில் அந்த இடத்தில் வெறும் 6 நிற்கிறது, எல்லோருக்கும். குடித்தவரைப் பட்டியலில் சேர்ப்பதா என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தனியாக முடிவெடுக்கலாம். ஆறு மாதம் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. பட்டியலுக்குள் வந்துவிட்டால் பிறகு கேள்வி கிடையாது. இதைச் சொன்னதும் அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எனக்கு அன்று 6.43 கூடுதலாகக் கிடைத்திருக்கும்" என்றார். பொறியாளர் புத்தி.

புற்றுநோய்க்காரர்களின் கதை தனி. கல்லீரலில் கட்டி இருப்பவருக்கு ரத்த அளவுகள் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். சூத்திரப்படி 8, 9 வரும். ஆனால் கட்டி வளர்ந்து அளவை மீறிவிட்டால் மாற்று அறுவையே செய்ய முடியாமல் போய்விடும். அதனால் அவர்களுக்குத் தனிச் சலுகை மதிப்பெண். ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1996இல் மிலான் நகரில் வகுத்த எல்லை. 2002இல் இவர்களுக்கு 29 வரை அள்ளிக் கொடுத்தார்கள். மற்றவர்களைவிடப் புற்றுநோயாளிகளுக்கு மளமளவென்று கல்லீரல் கிடைப்பது தெரிந்ததும் படிப்படியாகக் குறைத்தார்கள். இப்போது ஆறு மாதம் காத்திருந்த பிறகே, சுற்றுவட்டாரத்தில் மாற்று செய்துகொண்டவர்களின் இடைநிலை மெல்ட் எதுவோ அதில் 3 குறைத்துத் தருகிறார்கள்.

அடுத்தது தூரம். 2020 வரை நாட்டை 58 தான வட்டாரங்களாகவும் 11 மண்டலங்களாகவும் பிரித்து வைத்திருந்தார்கள். கல்லீரல் பெரும்பாலும் முதலில் சொந்த வட்டாரத்துக்கே. ஆகவே ஒரே நோய்க்கு ஓர் ஊரில் 20களில் கிடைத்தது இன்னோர் ஊரில் 30களைத் தாண்டினால்தான் கிடைத்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர்; 2009இல் அவருக்குக் கல்லீரல் கிடைத்தது டென்னசியின் மெம்பிஸில். பட்டியலில் அவர் யாரையும் தாண்டிப் போகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் பதிவதை விதி அனுமதிக்கிறது. சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்க வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

2020 பிப்ரவரி 4 முதல் எல்லைக்கோடுகளை அழித்துவிட்டு வட்டங்கள் வரைந்தார்கள். தானம் தந்தவரின் மருத்துவமனையை மையமாக வைத்து 150, 250, 500 கடல் மைல். ஒரு வாரம்கூடத் தாங்காது என்ற நிலையில் திடீரென்று கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு 500 வரை முதலிடம். பிறகு 37ம் அதற்கு மேலும் உள்ளவர்கள், சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு. பிறகு 33, பிறகு 29, கடைசியாக 15இலிருந்து 28 வரை. அண்ணன் இந்தக் கடைசி அடுக்கில் நிற்கிறார். இந்த மாற்றத்தை எதிர்த்து மத்திய மேற்கிலும் தெற்கிலும் உள்ள மருத்துவமனைகள் நீதிமன்றம் போயின. 2019 மேயில் தொடங்கிய முறை சில நாளிலேயே நிறுத்தப்பட்டு, மறு ஆண்டுதான் மீண்டும் வந்தது. எங்கள் ஊர்க் கல்லீரலைப் பெருநகரங்கள் விமானத்தில் தூக்கிப் போகும் என்பது அவர்கள் கோபம். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் 21 உள்ளவருக்குக் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு வந்த அழைப்பை அவர்களின் அறுவை மருத்துவர்கள் மறுப்பதும் வழக்கம். கொழுப்பு கூடியது, தந்தவருக்கு வயது அதிகம், வந்து சேர நேரமாகும் என்று ஏதாவது ஒரு காரணம். மறுக்க மறுக்கப் பட்டியல் கீழே இறங்கும். ஐஸ் பெட்டியில் வைத்த கல்லீரல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால் இரவில் ஓட்டமாக ஓடுவார்கள். 2021இல் அனுமதி பெற்ற இயந்திரங்கள் வந்த பிறகு, உடல் சூட்டிலேயே ரத்தத்தை ஓட்டிக் கல்லீரலை வைத்திருந்து, பித்தம் சுரக்கிறதா என்று பார்த்து, பிறகு முடிவெடுக்கிறார்கள். முன்பு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கக்கூடியவை இப்போது யாருக்கோ பொருந்துகின்றன.

எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது வேறொன்று. அண்ணன் பிளஸ் டூ எழுதிய வருடம் கவுன்சலிங் கட் ஆஃபுக்கு அரை மதிப்பெண் குறைந்து, வீடே துக்க வீடு மாதிரி இருந்தது. இப்போது அதே மனிதர், அதே குரலில், "தங்கச்சி, பிலிருபின் ஏறியிருக்கிறது!" என்று போன் செய்கிறார். சோடியம் குறைந்தால் எண் கூடும், அதனால் அதற்கும் சந்தோஷம். வயிற்று நீரை ஊசி வைத்து இறக்கிய பிறகு நன்றாகத் தூங்கி எழுந்து, அளவுகள் சீராக வந்துவிட்டால் முகம் வாடிவிடுகிறது. ஓக் ட்ரீ ரோட்டில் தினமும் போகும் மளிகைக் கடைக்கு வழி மறந்து நின்ற அன்று, அண்ணி அழுதார். அந்த மறதிக்கு மெல்ட் சூத்திரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மருத்துவரின் கண்ணை ஒதுக்கியபோது இதுவும் சேர்ந்து வெளியே போய்விட்டது. அது சரியான முடிவு என்று மேலே நான்தான் எழுதினேன். அண்ணியிடம் அதைச் சொல்லத் துணிவில்லை.

19இலிருந்து 24 வரை உள்ளவர்கள் மாதம் ஒருமுறை புது ரத்த அளவுகளைக் கொடுக்க வேண்டும். 25ஐத் தொட்டால் வாரம் ஒருமுறை. கொடுக்கத் தவறினால் மதிப்பெண் இறக்கப்பட்டுவிடும். காத்திருந்த காலம் இப்போது எண் சமமாக வரும்போது மட்டுமே பார்க்கப்படுகிறது.

யோசித்துப் பார்த்து, இங்கேயும் ஒரு பதிவு போடச் சொல்லியிருக்கிறேன். பிட்ஸ்பர்க்கைச் சுற்றி 150 கடல் மைல் வட்டம் போட்டால் கிளீவ்லாந்தும் கொலம்பஸும் உள்ளே வந்துவிடும். எடிசன் பக்கத்து மருத்துவமனையில் மட்டும் பதிந்தவருக்கு அவை கடைசி 500 மைல் வட்டத்தில்தான் வரும். காப்பீட்டு நிறுவனம் இரண்டாவது மதிப்பீட்டுக்கும் சம்மதித்துவிட்டது. அண்ணனுக்கு இந்த ஊர்மேல் ஒரு நம்பிக்கையும் உண்டு. கல்லீரல் மாற்றை 1963இல் டென்வரில் முதன்முதலில் முயன்ற தாமஸ் ஸ்டார்சல் பிற்பாடு இங்கேதான் வந்து வேலை செய்தார். பல்கலைக்கழகத்தில் பெஞ்சில் அமர்ந்தபடி அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "என் ரத்தம் உன் கூடத்துக்குத்தான் வருமா?" என்றும் கேட்டார். வந்தாலும் வரும், கோடு வரை நிரம்பாவிட்டால் உங்களுடையதையும் திருப்பி அனுப்புவேன் என்றேன்.

அடுத்த மாதம் வருகிறார்கள். ஐந்தரை மணி நேரக் கார்ப் பயணம், ஓட்டப்போவது மகன். நம் ஊரில் கல்லீரல் மாற்று பெரும்பாலும் உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் நடக்கிறது. இங்கே அது சிறுபான்மை. அப்படிக் கொடுத்தால் பட்டியல், வட்டம், மதிப்பெண் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பையன் தருகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிள்ளையின் வயிற்றைக் கிழித்து நான் வாழ வேண்டாம் என்று அண்ணன் பேச்சையே எடுக்க விடுவதில்லை. இந்த முறை வரும்போது தன் ரத்த வகையையும் பார்த்து, தானம் தருபவருக்கான மதிப்பீட்டுக்கும் பெயர் கொடுக்கப்போகிறானாம். "நேரில் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். நீங்கள் எழுதுவதை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பார். அதிலேயே போட்டுவிடுங்கள், அத்தை" என்றான். போட்டுவிட்டேன், அண்ணே.